வரவில்லை என்பதற்கான சான்றிதழ்

ஒரு பைசா சம்பாதிக்காத ஆளுக்கும் வருமான வரிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அப்படித்தான் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

அவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் காங்கிரீட்டை வார்த்து, காயவைத்து, போட்டு உடைத்து, தலை நிறைய சிமென்ட் தூசியோடு வீடு திரும்புகிறவளை அறைத்தோழி வேறு எப்படிக் கூப்பிடுவாள்? 'சிமென்ட்டு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவள் படிப்புச் செலவைச் சொந்த ஊரிலிருந்த ஓர் அறக்கட்டளை கட்டியது. படிக்க வந்த நாட்டில் அவள் சம்பாதித்தது ஓயாத இருமலும் நான்கு ஜோடி கிழிந்த கையுறைகளும்தான். இரண்டுக்கும் வரி கிடையாது என்று அவள் நம்பியிருந்தாள்.

பல்கலைக்கழகத்துப் பரிசோதனைக் கூடத்தில், சுவரோரமாக, அவளுடைய உத்தரம் இருந்தது. அவளே வார்த்த காங்கிரீட் உத்தரம். நடுவில் இரும்புக் கட்டிகளை ஏற்றி, பாரத்தை இறக்காமல் ஐந்நூறு நாள் வைத்திருக்க வேண்டும். தினமும் காலையில் அது எத்தனை மயிரிழை தொய்ந்திருக்கிறது என்று முள்காட்டியில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாள் விட்டாலும் போச்சு. ஐந்நூறாவது நாள் எழுதிவிட்டால் பட்டம், பெட்டி, வீடு. வீட்டில் அம்மா தனியாக நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கிழித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

உத்தரத்துக்கு முந்நூற்று எண்பதாவது நாள் வரித் துறையிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. 'வெளிநாட்டு மாணவர்கள் அனைவரும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். வருமானம் இல்லாதவர்கள், இல்லாத வருமானத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்த ரசீதைக் காட்டாதவர்களின் தங்கும் அனுமதி புதுப்பிக்கப்பட மாட்டாது.' கீழே கொட்டை எழுத்தில், 'கவலை வேண்டாம், இது முற்றிலும் இலவசம்!' அதற்கும் கீழே ஒரு படம். மூன்று இளைஞர்கள் ஒரு படிவத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய அனுமதி முடிய இன்னும் நாற்பது நாள் இருந்தது. உத்தரத்துக்கோ நூற்றிருபது நாள் வேண்டும். கணக்கு அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அக்கா, இலவசம்னு போட்டிருக்கு. அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்ல?" என்றாள் அறைத்தோழியிடம். அறைத்தோழி மருந்தியல் படிப்பவள். அங்கே வந்து நாலு வருஷம் ஆனவள், நல்லது கெட்டது தெரிந்தவள்.

"காசு கேட்டா குடுத்துட்டு வந்துடலாம்டி. இலவசம்னா என்ன கேப்பாங்கன்னே தெரியாது" என்றாள் அவள்.

முதலில், கடிதத்தில் போட்டிருந்த இணையதளம். 'இலவசமாகத் தொடங்கு' என்ற பச்சைப் பொத்தானை அமுக்கினாள். முப்பத்தெட்டு கேள்விகள் வந்தன. சொந்தமாகக் கப்பல் உண்டா? பந்தயக் குதிரை விற்றதுண்டா? எண்ணெய்க் கிணற்றில் பங்கு உண்டா? இல்லை, இல்லை, இல்லை என்று அமுக்கிக்கொண்டே வந்தாள். இத்தனை இல்லைகளை வரிசையாகச் சொன்னால் யாருக்கும் தன் மேலேயே இரக்கம் வந்துவிடும். அவளுக்கும் வந்தது. கடைசியில் திரை முழுக்கப் பட்டாசு வெடித்து ஒரு செய்தி மின்னியது: 'வாழ்த்துகள்! உங்களைப் போல் எதுவுமே இல்லாதவர்களுக்கு எங்கள் இலவசத் திட்டம் பொருந்தாது. உங்களுக்கு ஏற்றது எங்கள் தங்கத் திட்டம்.' தங்கத் திட்டத்தின் விலையைப் பார்த்துவிட்டுக் கணினியை மூடி வைத்தாள்.

ஆக, மிச்சம் இருந்தது பல்கலைக்கழகத்து இலவச வரி உதவி மையம்தான். அவள் போன அன்று மையத்தின் ஆண்டு தொடக்க விழா. வரிசையில் நின்ற வெளிநாட்டு மாணவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் அரங்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். கூட்டம் இல்லாமல் விழா எப்படி நடத்துவது? மையத்தின் ஒருங்கிணைப்பாளர் மேடை ஏறினார். வாட்டசாட்டமான மனிதர். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின.

"நண்பர்களே!" என்று ஆரம்பித்தார். "எங்க மையத்துல ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. எல்லாம் சேவை. சம்பளம் வாங்கறவன் தப்பு பண்ணினா நாலு பேர் கேள்வி கேப்பாங்க. எங்களை யாரு கேக்க முடியும்? அந்தச் சுதந்திரத்தோடதான் நாங்க வேலை பார்க்கறோம். போன வருஷம் நானூறு பேர் வந்தாங்க. நானூறு பேரையும் சிரிச்ச முகத்தோட வரவேற்றோம். அதுல மூணு பேருக்கு வேலையே முடிஞ்சிடுச்சு! அந்த மூணு பேரும் இதோ மேடையில இருக்காங்க. ஜோரா ஒரு கைதட்டுங்க!"

மூவரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரங்கம் கைதட்டியது. சிமென்ட்டும் தட்டினாள். தட்டாவிட்டால் வரிசையில் இடம் போய்விடுமோ என்று பயம்.

மூன்று நாள் கழித்து அவள் முறை வந்தது. ஒருங்கிணைப்பாளரே எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்கம்மா. இலவச சேவை யாருக்கு? வருமானம் இல்லாதவங்களுக்கு. உங்களுக்கு வருமானம் இல்லைன்னு யாரு சொன்னது?"

"நான்தான் சார் சொல்றேன்."

"நீங்களே சொல்லிக்கிட்டா எப்படிம்மா? அது தற்பெருமை. உங்களுக்குச் சம்பளம் குடுக்காத மூணு பேர்கிட்டேருந்து கடிதம் வாங்கிட்டு வாங்க."

"சார், எனக்குச் சம்பளம் குடுக்காதவங்க உலகத்துல கோடிக்கணக்குல இருக்காங்களே!"

"தெரியும். அதனாலதான் மூணு பேர் போதும்னு சலுகை காட்டியிருக்கோம்" என்றார் அவர், சற்று மனத்தாங்கலோடு.

தனக்குச் சம்பளம் கொடுக்காதவர்களைத் தேடிக்கொண்டு அவள் கடைத்தெருவில் இறங்கினாள். சலவைக் கடைக்காரர் தங்கமான மனிதர். 'இந்தப் பெண்ணை நான் இன்றுதான் பார்க்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் எங்கள் கடையில் இல்லை' என்று மணிமணியாக எழுதிக் கொடுத்தார். சிற்றுண்டிச்சாலை மேலாளர் யோசிக்காமல் முத்திரையே குத்திக் கொடுத்தார். சாவி செய்கிறவர்தான் படுத்தியெடுத்துவிட்டார்.

"நான் எதுக்கும்மா உனக்குச் சம்பளம் குடுக்கணும்?"

"குடுக்க வேணாம் அண்ணே. குடுக்கலைன்னு எழுதிக் குடுத்தா போதும்."

"அதெப்படி? இன்னிக்குக் குடுக்கலைன்னு எழுதி வாங்கிட்டுப் போவே. நாளைக்கு ஏன் குடுக்கலைன்னு கேஸ் போடுவே. நான் என்ன இளிச்சவாயனா?"

ஒரு மணி நேரம் கெஞ்சியபிறகு, 'கொடுக்கவில்லை, இனியும் கொடுப்பதாக இல்லை, என்னிடம் கேட்கவும் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூடவே தேவையில்லாத ஒரு சாவியையும் அவள் தலையில் கட்டினார்.

கடிதங்களை ஒருங்கிணைப்பாளர் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்திதான். கணினியில் தட்ட ஆரம்பித்தார்.

"இந்த நாட்டுல எத்தனை நாள் இருந்திருக்கீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். நாள் கணக்கில் அவளை அசைக்க முடியுமா? "இன்னியோட ஐந்நூத்தித் தொண்ணூத்தெட்டு நாள் சார். அதுல கடைசி முந்நூத்தி எண்பத்தெட்டு நாளுக்கு நோட்டே இருக்கு, பாருங்க" என்று உத்தரத்தின் நோட்டை நீட்டினாள்.

அவர் நோட்டைப் புரட்டினார். "அழகா எழுதியிருக்கீங்க. ஆனா நீங்க மாணவியாச்சே. மாணவர்கள் இருக்கற நாளெல்லாம் வரிச் சட்டப்படி கணக்குல சேராது. சட்டப்படி நீங்க இங்க இருந்த நாள்…" என்று சொல்லிக்கொண்டே ஒரே ஒரு விசையை அமுக்கினார். "பூஜ்யம்."

கணினி யோசித்தது. பிறகு சிவப்பில் எழுதியது: 'இந்த நபர் நாட்டில் இல்லை. இலவச சேவை நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்.'

"அடடா" என்றார் ஒருங்கிணைப்பாளர். உண்மையான வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. "நீங்க இன்னும் வரவே இல்லையேம்மா."

"சார், நான் உங்க எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்!"

"நாற்காலி எங்களுது. அதுல சட்டப்படி யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு நான் எப்படிச் சொல்றது? ஒண்ணு பண்ணுங்க. வரித் துறை அலுவலகத்துக்குப் போய், நீங்க வரலைன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்துடுங்க. அதை வெச்சு உங்களை வெளியில இருக்கறவங்க கணக்குல சேத்து முடிச்சுத் தரேன்."

அவள் நோட்டை வாங்கிப் பையில் வைத்தாள். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமவும், எழுந்து வந்துவிட்டாள்.

அன்றைக்கு அம்மா போனில் கூப்பிட்டாள். "ஏண்டி குரல் ஒரு மாதிரி இருக்கு? ஒழுங்கா சாப்பிடறியா?"

"சாப்பிடறேம்மா. ஒரு சான்றிதழ் வாங்கணும். அலைச்சல்."

"என்ன சான்றிதழ்?"

"நான் இங்க வரலைன்னு."

"டப்பா ரொம்பிடுச்சு. ரெண்டாவது டப்பா எடுத்து வெச்சிருக்கேன். அதுவும் ரொம்பிடுச்சுன்னா மூணாவது டப்பாவுக்கு நான் எங்க போவேன்? சீக்கிரம் வந்து சேரு" என்றாள் அம்மா. சிமென்ட்டு சரிம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வரித் துறை அலுவலகம் ஏழு மாடி. ஒவ்வொரு மாடியிலும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும், அடுத்த மாடிக்குப் போகச் சொல்ல ஓர் ஆள். மூன்று வாரம் ஏறி இறங்கியபின் ஏழாம் மாடியில் துணை ஆணையரின் அறைக்கு வந்து சேர்ந்தாள். மேசையில் ஒரு தூசி கிடையாது, ஒரு காகிதம் கிடையாது. துணை ஆணையர் கைகளைக் கோத்துக்கொண்டு அந்த வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் இந்த நாட்டுக்கு வரலைன்னு ஒரு சான்றிதழ் வேணும்."

"நேர்ல வந்தது நல்லதாப் போச்சு" என்று முகம் மலர்ந்தார். "நிறைய பேர் தபால்ல கேக்கறாங்க. வராதவங்களுக்கு வரலைன்னு எப்படி எழுதித் தர முடியும்? நேர்ல வந்தாத்தானே வரலைங்கறதை உறுதிப்படுத்தலாம்?"

"சார், கோவிச்சுக்காதீங்க. நான்தான் வந்திருக்கேனே?"

துணை ஆணையர் பொறுமையாகச் சிரித்தார். "பாருங்கம்மா. நீங்க வந்திருக்கறதை என் கண்ணு பார்க்குது. ஆனா என் கண்ணு துறை இல்லையே. இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். கண்ணால பார்த்ததை ஒரு நாளும் நான் நம்பினது கிடையாது. அதனாலதான் எம்மேல ஒரு புகார்கூட இல்லை. எங்க முன்னாள் ஆணையர் இருந்தாரு, கண்ணால பார்த்ததை நம்பற மனுஷன். வெள்ளம் வந்தப்போ ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, தண்ணி வருதுன்னு எல்லாரையும் வெளியே போகச் சொல்லிட்டாரு. உத்தரவு எண் இல்லாம! பாவம், வேலை போயிடுச்சு."

"எல்லாரும் பிழைச்சாங்களா சார்?"

"பிழைச்சாங்க. ஆனா விதிப்படி இல்லை."

பிறகு அவளைச் சுவரோரம் நிறுத்திப் படம் பிடித்தார்கள். கைரேகை எடுக்க ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. வலது கட்டைவிரலை வைத்தாள். பெட்டி முனகியது. இடது கட்டைவிரலை வைத்தாள். மறுபடியும் முனகியது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. சிமென்ட்டும் மணலும் இரண்டு வருஷமாகத் தேய்த்ததில் விரல்களில் ரேகையே இல்லை, வழவழவென்று இருந்தன. 'விரல் எதுவும் வைக்கப்படவில்லை' என்று பெட்டி அறிவித்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. துணை ஆணையரோ துள்ளாத குறை. "பார்த்தீங்களா! பெட்டியே சொல்லுது, யாரும் இல்லைன்னு! இதைவிட உறுதியான ஆதாரம் இந்த அலுவலகத்துல இதுவரைக்கும் கிடைச்சதில்லை" என்று சொல்லிச் சான்றிதழில் அவரே பேனாவால் கையெழுத்திட்டார். அதில் அவள் படம் ஒட்டியிருந்தது. படத்துக்குப் பின்னால் அந்த அலுவலகத்துச் சுவரும், சுவரில் அன்றைய தேதியும் தெளிவாக விழுந்திருந்தன. கீழே, 'மேலே படத்தில் காணும் நபர் இந்நாட்டுக்கு வருகை தரவில்லை என்று நேரில் கண்டு சான்றளிக்கப்படுகிறது' என்று இருந்தது.

உதவி மையத்தில் இப்போது எல்லாம் மளமளவென்று நடந்தது. வருமானம் பூஜ்யம். நாட்கள் பூஜ்யம். வரி பூஜ்யம். ஒருங்கிணைப்பாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். "இந்த வருஷத்துல முதல் வெற்றி நீங்கதான்! அடுத்த விழாவுல மேடை ஏத்தறேன்" என்றார். உத்தரத்துக்கு அன்று நானூற்றுப் பத்தாவது நாள்.

"ரசீது குடுங்க சார், ஓடிப்போய் அனுமதி அலுவலகத்துல காட்டணும்."

"ரசீது தபால்ல வரும். பன்னெண்டு வாரம்."

"பன்னெண்டு வாரமா? அனுமதி இன்னும் பத்து நாள்ல முடியுது சார்! சரி, எந்த விலாசத்துக்கு வரும்?"

"உங்க சொந்த ஊருக்கு. இங்க இல்லாதவங்களுக்கு இங்க எப்படிம்மா அனுப்பறது?" என்றார் அவர். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அறைத்தோழி தலையில் கைவைத்துக்கொண்டாள். "போய் அழுதுதான் பாரேன். வேற வழியில்லை" என்றாள். எட்டு நாள் பேராசிரியரிடமும் துறைத் தலைவரிடமும் கடிதம் கேட்டு அலைந்ததுதான் மிச்சம். நானூற்றுப் பதினெட்டாவது நாள், காலையில் முள்காட்டியைப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு, அனுமதி அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அம்மையார். மேலதிகாரி என்று எழுதியிருந்தது. "ரசீது?" என்றார்.

"தாக்கல் பண்ணிட்டேன் மேடம். ரசீது மட்டும் எங்க ஊருக்குப் போயிருக்கு."

"அப்ப நீங்களும் அங்கேயே போய் வாங்கிக்கங்க" என்று ஒரு படிவத்தை எடுத்தார். "பதினஞ்சு நாள்ல நாட்டை விட்டு வெளியேறணும். இதுக்குப் பேரு வெளியேற்ற உத்தரவு. பயப்படாதீங்க, இலவசம்தான்."

அவ்வளவுதான், அவளால் அடக்க முடியவில்லை. பொட்டுப்பொட்டென்று கண்ணீர் விழுந்தது. "மேடம், ஒரு உத்தரம் வெச்சிருக்கேன். இன்னும் எண்பத்திரண்டு நாள் பாக்கி. நான் போயிட்டா இரும்பை இறக்கி வெளியில தூக்கிப் போட்டுடுவாங்க. நானூத்திப் பதினெட்டு நாள் ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன் மேடம். காய்ச்சல்லகூட போய் எழுதினேன்" என்று விசும்பினாள்.

"நாளைப் பத்தி எங்கிட்ட சொல்லாதீங்க. நான் தேதி பார்க்கறவ" என்றார் மேலதிகாரி.

கைக்குட்டைக்காகப் பையைத் துழாவினாள். சாவிக்காரர் கட்டிவிட்ட சாவி விழுந்தது. அதன் பின்னால் சான்றிதழும் வழுக்கி, கண்ணாடிக்கு அடியிலிருந்த இடைவெளி வழியாக உள்ளே போய் விழுந்தது. மேலதிகாரி எடுத்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது துணை ஆணையர் கையெழுத்தாச்சே! நீங்க இன்னும் வரவே இல்லையா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இல்லைன்னுதான் சொல்றாங்க மேடம்" என்றாள்.

மேலதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. "என்ன காரியம் பண்ண இருந்தேன்! போன மாசம்தான் எங்க துறையையும் வரித் துறையையும் ஒரே கணினியில இணைச்சாங்க. அமைச்சரே வந்து ரிப்பன் வெட்டினாரு. வந்தவங்க இத்தனை, போனவங்க இத்தனைன்னு தினமும் அவருக்குக் கணக்குப் போகுது. வராத உங்களை நான் வெளியே அனுப்பினா என்ன ஆகும்? வந்ததுல இல்லாத ஆள் போனதுல இருக்கும். நாட்டோட ஜனத்தொகையில ஒரு ஆள் குறையும்! எனக்கு ஓய்வு பெற எட்டு மாசம்தான் இருக்கும்மா!"

"அப்ப நான் போக வேண்டாமா மேடம்?"

"போகவே கூடாது! முதல்ல வாங்க. வந்ததுக்கப்புறம் வெளியேத்தறதைப் பத்திப் பேசலாம்" என்று கண்டிப்பாகச் சொல்லி, வெளியேற்ற உத்தரவைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். வேறொரு தாளில் 'விண்ணப்பதாரர் நாட்டுக்கு வந்து சேர்ந்தவுடன் பரிசீலிக்கப்படும்' என்று எழுதி, வட்டமாக ஒரு முத்திரை குத்தி நீட்டினார். பல்கலைக்கழகத்து வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு அந்த வட்ட முத்திரையே போதுமானதாக இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே ஒருவரும் படிக்கவில்லை.

இப்படியாக, நாட்டுக்கு வராத அவள் இன்னும் எண்பத்திரண்டு நாள் அங்கேயே இருந்தாள். தினமும் காலையில் முள்காட்டியைப் பார்த்தாள், எழுதினாள்.

பன்னிரண்டாவது வாரம் அம்மா போன் செய்தாள். "உன் பேருக்கு ரசீது ஒண்ணு வந்திருக்குடி. பக்கத்து வீட்டு மாமாவை விட்டுப் படிக்கச் சொன்னேன். நீ அந்த ஊருக்குப் போகவே இல்லைன்னு போட்டிருக்காம். அப்ப இத்தனை நாளா நான் யாருகிட்டடி பேசிட்டிருக்கேன்?"

"எங்கிட்டதாம்மா."

"இல்லை, தெரியாமத்தான் கேக்கறேன். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லைன்னா எம்பொண்ணு எங்க இருக்கா? அவங்ககிட்ட அதையும் கேட்டுச் சொல்லு" என்றாள் அம்மா. கேலியாக ஆரம்பித்தவள்தான், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

ஐந்நூறாவது நாள் வந்தது. உத்தரம் தொய்ந்திருந்தது, ஆனால் உடையவில்லை. இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். பாரம் இறங்கியதும் உத்தரம் ஒரு மயிரிழை நிமிர்ந்தது. அதையும் எழுதி, நோட்டை மூடிப் பெட்டியில் வைத்தாள். மறுநாளைக்கு மறுநாள் விமானம். அறைத்தோழி கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "உன் சிமென்ட் தூசி இல்லாம இனிமே நான் எதைடி கூட்டுவேன்?" என்றாள், என்னவோ தினமும் அவளே கூட்டியதைப் போல.

விமான நிலையத்தில் வெளியேறும் கவுன்ட்டரில் இருந்த அதிகாரி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"நீங்க இன்னும் உள்ள வரலையேம்மா. எப்படி வெளியே விடறது?"

அவள் வாதாடவில்லை. அந்த வயது போய்விட்டது. "இப்ப நான் என்ன சார் பண்ணணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"வர்றவங்க கவுன்ட்டர் அந்தப் பக்கம். போய் வந்துட்டு வாங்க."

பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள். அப்போதுதான் வந்து இறங்கிய மாணவர்கள் புதுச் சட்டையும் தூக்கக் கலக்கமுமாக நின்றார்கள். அவர்கள் பின்னால் நின்று, முறை வந்ததும் கடவுச்சீட்டை நீட்டினாள். அங்கிருந்த பெண் அதிகாரி ரொம்ப இனிமையானவர்.

"வாங்க, வாங்க! முதல் தடவையா வர்றீங்களா?"

"ஆமாம் மேடம்" என்றாள் சிமென்ட்டு.

"நல்லா சுத்திப் பாருங்க, அருமையான ஊரு" என்று முத்திரை குத்தி, கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தையும் கொடுத்தார். அவள் அதைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, மூச்சு வாங்க வெளியேறும் கவுன்ட்டருக்குத் திரும்பி ஓடினாள்.

அதிகாரி தட்டிப் பார்த்தார். "ஆங், இப்ப சரியா இருக்கு. வந்தது பத்து நாப்பது. போறது பத்து அம்பத்தொண்ணு." அவர் முகம் வாடிவிட்டது. "பதினோரே நிமிஷம்தானா? ஏம்மா, எங்க ஊரு பிடிக்கலையா?"

அவளுக்கு உத்தரம் ஞாபகம் வந்தது. சலவைக் கடைக்காரரும், அழுதுகொண்டிருந்த அறைத்தோழியும் ஞாபகம் வந்தார்கள். "ரொம்பப் பிடிச்சிருந்துது சார். ஆனா எங்கம்மா எழுநூத்திப் பன்னெண்டு நாளா காத்திட்டிருக்காங்க" என்றாள். பதினோரு நிமிஷத்துக்கும் எழுநூற்றுப் பன்னிரண்டு நாளுக்கும் என்ன கணக்கு என்று அவருக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும் முத்திரை குத்தினார்.

விமானம் மேலே ஏறியபிறகு கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினாள். கையில் அகப்பட்டது துண்டுப் பிரசுரம். மூன்று இளைஞர்கள் ஒரு படிவத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: 'படிப்பை முடித்தவர்களுக்கு மாணவர் சலுகை கிடையாது. இந்நாட்டில் ஒரு நிமிடம் இருந்தாலும் அது முழு நாளாகக் கொள்ளப்படும். அந்த நாளுக்கான வருமான வரிக் கணக்கை நேரில் வந்து தாக்கல் செய்ய வேண்டும். கவலை வேண்டாம், இது முற்றிலும் இலவசம்!'